வலியை நம்பும் ஒரு வைத்தியசாலை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விரிகுடாவின் அடியில் வரும் ரயில் வெளிச்சத்துக்கு ஏறி முதலில் நிற்கும் இடம் மேற்கு ஓக்லாந்து. நிலையம் ஏழாம் தெருவுக்கு மேலே தூண்களில் நிற்கிறது. படியிறங்கினால் ஒரு பக்கம் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள், மறுபக்கம் வரிசையாகப் பழைய மரவீடுகள். அவற்றில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் கைரோபிராக்டிக் வைத்தியசாலையைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் அசைவை மீட்கும் வைத்தியம் அது. நடத்துபவர் ஒரு கறுப்பினப் பெண் மருத்துவர். வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மெக்சிகோ, குவாத்தமாலா, வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்களும் உண்டு. நோயாளிகள் சம்மதித்தால் பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். யாருடைய பெயரும், அவர் பெயர் உட்பட, எழுத்தில் வரக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

நிலையத்திலிருந்து நடந்தே போனேன். மண்டேலா பார்க்வே என்னும் அகலமான சாலையின் நடுவே இப்போது புல்லும் மரங்களும் இருக்கின்றன. 1989 அக்டோபர் 17 வரை அங்கே நின்றது சைப்ரஸ் என்ற இரண்டடுக்கு நெடுஞ்சாலை. கறுப்பினத்தவர் வாழ்ந்த ஊரை நடுவே பிளந்து 1950களில் கட்டினார்கள். அன்றைய நிலநடுக்கத்தில் மேலடுக்கு கீழடுக்கின்மேல் விழுந்து 42 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் மறுபடி கட்டவிடாமல் மக்கள் போராடியதால் நெடுஞ்சாலை துறைமுகத்துப் பக்கம் நகர்ந்தது. லாரிகள் நகரவில்லை. மலைப்பக்கமாகப் போகும் 580ஆம் நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருக்கிறது. வசதியுள்ளவர்கள் குடியிருக்கும் பக்கம் அது. ஆகவே துறைமுகத்துக்குப் போகும் லாரியும் வரும் லாரியும் 880ஆம் நெடுஞ்சாலையில், இந்த வீடுகளை ஒட்டித்தான் ஓடுகின்றன. முதுகுவலியைப் பற்றி எழுத வந்துவிட்டு சாலைக் கதை எதற்கு என்று கேட்கலாம். அந்த மருத்துவர் புதிதாக வருகிறவரிடம் தொடக்கத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "ராத்திரி தூக்கம் வருகிறதா? படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம்?"

வரவேற்பறையில் ஏழெட்டு நாற்காலிகள், ஒரு தண்ணீர்ப் பானை, குழந்தைகளுக்கு மரப் பொம்மைகள். சுவரில் பழைய புகைப்படம் ஒன்று. மீசை வைத்த, கோட்டு அணிந்த கறுப்பின மனிதர். "இவர்தான் இந்த வைத்தியத்துக்கே முதல் நோயாளி" என்று மேசையில் இருந்த பெண் பெருமையோடு சொன்னார்.

ஹார்வி லில்லார்ட். அயோவா மாநிலத்து டேவன்போர்ட், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர். அங்கே ஒரு கட்டடத்தில் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் டேனியல் டேவிட் பால்மர். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் லில்லார்ட். 1895 செப்டம்பர் 18 அன்று லில்லார்டின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு எலும்புக் கணுவை அழுத்தியதாகவும், பதினேழு ஆண்டுகளாக மந்தமாக இருந்த காது கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் எழுதினார். காது நரம்பு மண்டையோட்டுக்கு உள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்று மருத்துவர்கள் அன்றிலிருந்து மறுத்து வருகிறார்கள். லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்னதும் வேறு மாதிரி. அப்பா யாரிடமோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தாராம். கேட்டுச் சிரித்த பால்மர் கையிலிருந்த புத்தகத்தால் முதுகில் ஓங்கித் தட்டினாராம். சில நாள் கழித்துக் காது கொஞ்சம் தெளிந்ததாம். எது நடந்திருந்தாலும் ஒன்றில் சந்தேகம் இல்லை. ஒரு தொழில் முழுவதும் தன் பிறப்பாகச் சொல்லிக்கொள்ளும் அந்த முதுகு ஒரு கறுப்பினத் தொழிலாளியின் முதுகு. 1897இல் பால்மர் தொடங்கிய பள்ளியோ, அடுத்த நூற்றாண்டின் முற்பாதியில் கறுப்பினத்தவரை மாணவர்களாகச் சேர்க்க மறுத்தது. இன்றும் அமெரிக்கக் கைரோபிராக்டர்களில் கறுப்பினத்தவர் மிகச் சிலர்தான். படம் சுவரில் இருப்பதற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

முதலில் வந்தவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். கீழ்முதுகில் தொடங்கி இடது தொடை வரைக்கும் இழுக்கும் வலி. மேசையில் படுக்கவைத்து உடனே நெட்டி முறிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அரைமணி நேரத்துக்கு யாரும் அவரைத் தொடவே இல்லை. மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இருமினால் கூடுகிறதா? பேருந்து இருக்கையின் அடியில் அதிர்வு எப்படி? ராத்திரி வலியே எழுப்பிவிடுகிறதா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? புற்றுநோய் வந்ததுண்டா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுகிறதா? தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா? கடைசி இரண்டில் எதற்கு 'ஆம்' என்றாலும் அது இந்த மேசைக்கு உரிய நோயே இல்லை, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது என்று பின்னர் எனக்கு விளக்கினார்.

ஓட்டுநர் நடுவில் ஒன்று சொன்னார். போன குளிர்காலத்தில் வலி தாங்காமல் ஒரு அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார். "பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். எட்டு என்றேன். எழுதிக்கொண்டவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாத்திரைக்காக நடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கேயும் வலியின் எண்ணைச் சொல்வதில்லை, அம்மா."

மருத்துவர் பதில் சொல்லவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தபடி இருந்தார்.

இந்த மனிதர் சொன்னதை ஒருவருடைய மனக்கசப்பு என்று தள்ளிவிட முடியாது. 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் நடந்த ஒரு ஆய்வு வெளியானது. கறுப்பினத்தவரின் தோல் தடிமன், அவர்களுடைய நரம்பு முனைகளுக்கு உணர்ச்சி குறைவு என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப்பேர் உண்மை என்று குறித்திருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். சிகிச்சையும் பிழையாகப் பரிந்துரைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு குடல்வால் அழற்சியோடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளைப் பற்றியது. கடும் வலியில் துடித்த கறுப்பினக் குழந்தைகளுக்கு வலுவான வலிமருந்து கிடைத்தது வெள்ளைக் குழந்தைகளைவிடக் குறைவு. குழந்தைகள் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

கேள்விகள் முடிந்தபின் பரிசோதனை. ரத்த அழுத்தம் பார்த்தார், முழங்காலைச் சுத்தியால் தட்டினார், மல்லாந்து படுக்கவைத்து நேராக நீட்டிய காலை மெல்லத் தூக்கி எந்த உயரத்தில் இழுக்கிறது என்று பார்த்தார், கால் பெருவிரலை மேலே தூக்கி அழுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்பும் ஒரே கேள்வி: "இங்கே கை வைக்கலாமா?" பேருந்து ஓட்டுநரிடமும் கேட்டார், பிறகு வந்த பாட்டியிடமும் கேட்டார். ஒரு இடத்தில் பாட்டி வேண்டாம் என்றார். கை அங்கே போகவில்லை, ஏன் என்ற கேள்வியும் வரவில்லை. அடி வாங்கிய உடம்புகள், கைவிலங்கு மாட்டப்பட்ட உடம்புகள், பிள்ளைப்பேற்றின்போது கேட்காமல் கையாளப்பட்ட உடம்புகள் இந்த மேசைக்கு வருகின்றன. அவற்றுக்கு முதல் மருந்து அந்த அனுமதி கேட்பதுதான் என்பது மருத்துவரின் கட்சி. நானும் அதை ஏற்கிறேன்.

ஓட்டுநரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு முன்கை இடுப்பெலும்பின்மேல். "மூச்சை விடுங்கள்." மூச்சின் கடைசியில் ஒரு சின்ன, வேகமான தள்ளல். சடக்கென்று சத்தம். நான் இருந்த மூலைவரை கேட்டது. பலரும் நினைப்பதுபோல விலகிய எலும்பு திரும்பி உட்கார்ந்த சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குழி உண்டாவதால் வருவது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல்மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் நெட்டி முறித்து அதைப் படமாகவே பிடித்திருக்கிறார்கள். "எலும்பை நான் எங்கேயும் நகர்த்தவில்லை" என்று ஓட்டுநரிடமும் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். "இறுகிப்போன மூட்டு கொஞ்சம் அசைந்திருக்கிறது, சுற்றியிருக்கும் தசை சற்று விட்டுக்கொடுக்கும். இந்தத் தளர்ச்சி இருக்கும்போதே நடக்க வேண்டும், இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டும். வேலை பாதி என்னுடையது, பாதி உங்களுடையது."

எண் சொல்வதில்லை என்று சொல்லியிருந்தவர், எழுந்து இரண்டடி நடந்து பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "ஐந்து."

இந்தப் பலன் எவ்வளவு நாள் நிற்கும்? அளந்துதான் பேச வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு மாத்திரையைவிட முதலில் சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்புக் கைச்சிகிச்சை இவற்றைப் பார்க்கலாம் என்கிறது. நாள்பட்ட வலிக்கும் உடற்பயிற்சி போன்றவற்றோடு இதற்கும் இடம் கொடுக்கிறது. பலன் மிதமானது, மற்ற சிகிச்சைகளைவிடப் பெரிதாக உயர்ந்தது என்று நிரூபணம் இல்லை. ஆனால் வலிமாத்திரைகளுக்கு அடிமையாகி இத்தனை லட்சம் பேரை இழந்த நாட்டில், மாத்திரை இல்லாத ஒரு மிதமான நிவாரணம் சிறிய விஷயம் அல்ல.

அடுத்து வந்தவர் ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண், குவாத்தமாலாக்காரர். வரவேற்பு மேசைப் பெண் ஸ்பானிஷில் மொழிபெயர்த்தார். இரண்டு தோளும் கல்லாக இருந்தன. கனத்த மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகும் வேலையை ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறார் என்று மருத்துவர் கேட்டார். அந்தப் பெண் எழுந்து நின்று செய்தே காட்டினார். முதுகு வளைந்து, ஒரு கை தூக்க, மறு கை திணிக்க, பாரம் முழுவதும் ஒரே தோளில் இறங்கியது. மருத்துவர் அரைமணி நேரத்துக்குத் தோளையும் மேல்முதுகையும் கையாலேயே இளக்கினார், சத்தம் வரும் எதையும் செய்யவில்லை. பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஹோட்டல் அறைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் தசை, மூட்டுக் காயம் வராமல் தடுக்க முதலாளிகள் திட்டம் வகுத்தாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2018 முதல் விதி இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஓக்லாந்து மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கிய 'மெஷர் இசட்', பெரிய ஹோட்டல்களில் எட்டு மணி நேரத்தில் 4,000 சதுர அடிக்குமேல் சுத்தம் செய்யச் சொன்னால் இரட்டைச் சம்பளம் தரச் சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் தெரியாது. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

எனக்கு அந்த மேசையைவிட இந்தக் காகிதம் பெரிதாகப் பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இனவெறிக்கும் வறுமைக்கும் ஓயாமல் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கும் உடம்பு வயதுக்கு முன்பே தேய்கிறது. பின்னர் நடந்த பல ஆய்வுகள் ரத்த அழுத்தத்திலும் ஹார்மோன்களிலும் அந்தத் தேய்மானத்தை அளந்திருக்கின்றன. அப்படித் தேயும் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தோளைத் தளர்த்திவிட்டு, மறுநாள் அதே மெத்தைக்கு அனுப்பினால் போதுமா? போதாது என்பதை அறிந்தவராக இந்த மருத்துவர் இருக்கிறார். பல்பொருள் அங்காடியில் காசாளராக நிற்கும் இளைஞர் ஒருவருக்கு, உட்கார இருக்கை தர வேண்டும் என்று முதலாளிக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு இருக்கை கொடுப்பது கலிஃபோர்னியாவில் கட்டாயம். மாநில உச்ச நீதிமன்றமும் 2016இல் அதை உறுதிப்படுத்தியது. நம் தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கச் சொன்னோம் என்று அவரிடம் சொன்னேன். "பிறகு? உட்கார்கிறார்களா?" என்று ஆவலோடு கேட்டார். தி. நகர்த் துணிக்கடைகளில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லாக் கடையிலும் இல்லை என்றேன்.

மதியத்துக்கு மேல் ஒரு தாய் பத்து வயதுப் பையனோடு வந்தார். தாய்க்குக் கழுத்து வலி. போகும்போது பையனைக் காட்டி, ஆஸ்துமாவுக்கு முதுகை ஒருமுறை சரிசெய்து விடுகிறீர்களா, வேறொரு இடத்தில் குணமாகும் என்றார்களே, என்றார். லாரிப் புகை சூழ்ந்த இந்தப் பகுதியில் ஆஸ்துமா வீட்டுக்கு வீடு. ஒப்புக்கொண்டால் வாரம் ஒரு கட்டணம் நிச்சயம். மருத்துவர் மண்டியிட்டுப் பையனின் உயரத்துக்கு இறங்கி, மூச்சுமருந்துக் கருவியைப் பயன்படுத்திக் காட்டச் சொன்னார். பிறகு தாயிடம், "முதுகைச் சரிசெய்தால் ஆஸ்துமா போகாது. இந்தக் கருவியை விட்டுவிடாதீர்கள். அவனுடைய டாக்டரிடம் அடுத்த மாதத்துக்குள் காட்டுங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. 1998இல் கனடாவில் ஆஸ்துமா உள்ள 91 குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்ததில் கைரோபிராக்டிக்கால் கூடுதல் பயன் ஏதும் தெரியவில்லை. பால்மர் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் ஒரு பிரிவினர் காது, ஆஸ்துமா, வயிறு என்று எல்லா நோய்க்கும் முதுகெலும்பையே காரணம் காட்டி வந்திருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டே பழகிய மக்களிடம் போய் அதைச் சொல்வது பெருங்கொடுமை.

இன்னொருவரை அவர் தொடவே இல்லை. துறைமுகத் தொழிலாளி, கழுத்து இறுக்கம், பின்மண்டை வலி. ரத்த அழுத்தம் அபாயமான அளவில் இருந்தது. கழுத்தைத் தொட மறுத்து, பக்கத்து மருத்துவமனைக்குத் தானே தொலைபேசியில் பேசி, கிளம்புகிறாரா என்று வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திடீரென்று வரும் கடும் கழுத்துவலியும் தலைவலியும் சில நேரம் கழுத்துத் தமனி கிழிவதன் அறிகுறியாக இருக்கும். அப்போது கழுத்தைத் திருகினால் பக்கவாதம்கூட வரலாம். அரிதுதான். ஆனால் அந்த அரிதான ஒருவர் தன் மேசையில் இருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு.

கடைசியில் நானும் படுத்தேன். எழுதி எழுதி இறுகிய மேல்முதுகு. முகம் வைக்கும் பள்ளத்தில் புதுக் காகிதம் விரித்தார், அதே கேள்விகளை என்னிடமும் ஒன்றுவிடாமல் கேட்டார், அனுமதி கேட்டார். தோள்பட்டைகளுக்கு நடுவே இரண்டு உள்ளங்கைகளும் இறங்கின. எங்கள் ஊரில் நல்லெண்ணெய் தடவிச் சுளுக்கு வழிக்கும் பாட்டியின் கட்டைவிரல் போல, அந்தக் கைகளும் வலி இருக்கும் இடத்தைத் தாமாகவே போய்ச் சேர்ந்தன. மூச்சை விட்டதும் வந்த சத்தம் வெளியே கேட்டதைவிட உள்ளே பெரிதாக இருந்தது. எழுந்தபோது தோள்கள் லேசாயின. மறுநாள் சற்று நோவு இருக்கும், கவலைப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், அப்படியே இருந்தது.

கட்டணம் வருமானத்துக்கு ஏற்றபடி. ஆறு முறை வந்தபின் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புவது இங்கே வழக்கம். ஆயுள் முழுக்க வாரம் மூன்று முறை வரச் சொல்லி முன்பணம் வாங்கும் திட்டம் எதுவும் சுவரில் இல்லை. ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கு யாரும் பணம் தருவதில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், கைரோபிராக்டரிடம் முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும்தான் பணம் கொடுக்கும். அவர் செய்யும் பரிசோதனைக்கும் சொல்லித்தரும் பயிற்சிக்கும் கொடுக்காது. ஏழைகளுக்கான மாநிலக் காப்பீட்டிலும் கட்டுப்பாடுகள் அதிகம். சடக்கென்ற சத்தத்துக்குக் கூலி உண்டு, காது கொடுத்துக் கேட்பதற்குக் கூலி இல்லை என்ற இந்தக் கணக்கு மாற வேண்டும். நான் அன்று பார்த்த நல்லது எல்லாம், ஓட்டுநர் எண் சொன்னது, துறைமுகத் தொழிலாளி மருத்துவமனைக்குக் கிளம்பியது, பையன் கருவியோடு வீட்டுக்குப் போனது, எல்லாமே அந்தக் கேட்பதிலிருந்து வந்தவை.

நம் ஊர்களிலும் இப்போது கழுத்தைத் திருகிச் சத்தம் எழுப்பும் காணொளிகள் கைபேசிக்குக் கைபேசி ஓடுகின்றன. பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்காமல், சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்காமல், வலி எப்படித் தொடங்கியது என்று நீங்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்காமல் ஒருவர் கழுத்தில் கை வைக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.